டாக்டரைத் தேடுவது யார் வேலை?

என் தம்பி மகள் வாசுகி மலாக்காவை ஒட்டிய செங் என்னும் ஊரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், மடிக்கணினியைத் திறந்து கட்டம் கட்டமாக ஒரு படத்தைக் காட்டினாள். இடது பக்கம் பதவிகள், வலது பக்கம் பொறுப்புகள். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், நெட்வொர்க்கைக் கவனிப்பவர் இன்னொருவர், போனை எடுத்து வாடிக்கையாளரிடம் பேசுபவர் வேறொருவர்.

“அத்தை, நீங்களும் அந்தக் காலத்து ஐ.டி. ஆளுதானே. புதுசா சேந்த பிள்ளைங்களுக்கு உங்க வேலையப் பத்தி ரெண்டு வார்த்த எழுதிக் குடுங்களேன். உங்க ரோல் என்னா, பொறுப்பு என்னா, அவ்ளோதான் லா.”

படத்தை உற்றுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. “இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் நடுவுல ஒரு வேல விழுந்தா யாரு எடுப்பாங்க?” என்று கேட்டேன். “அது கேஸப் பொறுத்து, அத்தை” என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இரண்டு வார்த்தை கேட்டவளுக்கு இத்தனை பக்கம் எழுதுவதற்கு அந்தப் பதில்தான் காரணம். படிக்கட்டும்.

எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில். கான்வென்ட்டில் படித்து முடித்த கையோடு மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அப்பா உடம்பு முடியாமல் வேலையை விட்டிருந்தார், வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் நான் ஒருத்திதான். காலையில் பசியாறிவிட்டு சைக்கிளை மிதித்தால், வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்வேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூத்த பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், பிறகு தனியாக விட்டுவிடுவார்கள்.

முன்னால் சுவர்போலப் பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஊரில் ஒரு வீடு, அல்லது ஒரு கடை, அல்லது ஓர் ஆபீஸ். யாராவது போனை எடுத்தால் அந்தத் துளையருகே சின்ன விளக்கு எரியும். நாங்கள் ஒரு வயரை அதில் செருகி “நம்பர் பிளீஸ்” என்போம். கேட்ட நம்பரின் துளையில் ஜோடி வயரை உடனே செருகிவிடக் கூடாது. முதலில் அதன் நுனியால் துளையின் விளிம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். காதில் ‘டக்’ என்று கேட்டால் அந்த லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் வராவிட்டால்தான் செருகி மணியடிக்க வேண்டும். இருவரும் பேச ஆரம்பித்ததும் பலகையில் இருக்கும் சாவி என்ற விசையைத் தள்ளி எங்கள் காதை விலக்கிக்கொள்ள வேண்டும். ஒட்டுக் கேட்டால் அன்றே வேலை போகும்.

எங்கள் சூப்பர்வைசர் மிஸ் லசாரு. கடலோரத்து உஜோங் பாசிரில் இருந்த போர்த்துகீசியக் குடும்பம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சத்தம் வராத தட்டையான சப்பாத்து. அவர் வந்து நிற்பது தெரியாது, நாற்காலியின் முதுகில் ஒரு கை விழுவதுதான் தெரியும். தோளைத் தொடவே மாட்டார். யாராவது தப்புச் செய்தால் திட்டவும் மாட்டார், அவள் தானாகத் திருத்திக்கொள்ளும்வரை பின்னாலேயே நிற்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. ஒருத்தி மாட்டிய வயரை இன்னொருத்தி தொடக் கூடாது. “உன் வயர், உன் ஆள்” என்பார். அந்தப் பக்கம் பேசுகிறவருக்குக் கடைசிவரை நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

பேச்சிலும் அப்படித்தான். மணியடித்து யாரும் எடுக்காவிட்டால், “வீட்டில் ஆள் இல்லை” என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். நாற்காலியில் கை விழுந்தது. “மணி அடிப்பது உனக்குத் தெரியும். யாரும் எடுக்காதது உனக்குத் தெரியும். வீட்டில் ஆள் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அன்றிலிருந்து “பதில் இல்லை” என்று மட்டும்தான் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு வயரை உருவி அடுத்த விளக்கைப் பார்க்க வேண்டும், அதுதான் விதி.

விதியில் இல்லாத ஒரு வேலையும் எங்களுக்கு இருந்தது. ஊரில் டாக்டரோ மருத்துவச்சியோ வெளியே கிளம்பும் முன் போனை எடுத்து எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். “நான் கிளப்பில் இருப்பேன்.” “நான் தெங்கெராவில் ஒரு பிரசவம் பார்க்கப் போகிறேன்.” ஷிப்ட் மாறும்போது, எழுந்து போகிறவள் உட்காரப் போகிறவளின் காதில் அதை ஓதிவிட்டுப் போவாள். யாராவது அவசரமாகக் கேட்டால் அலையவிடாமல் நேரே இணைத்துவிடுவோம். யாரும் எங்களை இதைச் செய்யச் சொல்லவில்லை. நாங்கள் காதில் ஓதிக்கொள்ளும் நேரத்தில் மிஸ் லசாரு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதில் மிகவும் ஒழுங்கானவர் டாக்டர் குமாரவேலு. யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். சமையல்காரருக்கு ஞாயிறு விடுமுறை. டவுனில் டிஸ்பென்சரி வைத்திருந்தார், பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் அவர்தான் டாக்டர். பல் விளக்கப் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போவார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அந்த நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு வந்தவர் என்ஜினியர் மிஸ்டர் லிம், பினாங்குக்காரர். முதல் வாரத்திலேயே எங்கள் அத்தனை பேரின் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வயர் பார்ப்பார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் பிறகு அவ்வளவு கோபம் வந்தது.

ஆபரேட்டர் இல்லாமல் தாங்களே நம்பரைச் சுழற்றும் போன் வரப்போகிறது என்று எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். இனி ஊருக்குள் இணைப்பது மெஷினின் வேலை. மெஷினைக் கவனிப்பது மெக்கானிக்கின் வேலை. வெளியூர் போன் கால்களும், இன்னும் பழைய போனே இருக்கும் தோட்டத்து லைன்களும் மட்டும் ட்ரங்க் பலகைக்கு வரும். அதற்குச் சில பெண்கள் போதும். யார் இருப்பது, யார் போவது என்று மாதக் கடைசியில் முடிவு செய்வார். என்னையும் சோதனையாக ட்ரங்க் பலகையில் போட்டிருந்தார்.

நான் கையைத் தூக்கினேன். “சார், டாக்டர் எங்கே போகிறார் என்று இனி யாரிடம் சொல்வார்?”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “அது டெலிபோன் இலாகாவின் வேலை இல்லை, பாக்கியம்” என்றார்.

மாற்றிய நாள் மறக்கவில்லை. கடையெல்லாம் மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிய மெஷினின் லைன்களில் கரண்ட் பாயாமல் இருக்கச் சின்னச் சின்ன ஆப்புகள் செருகி, அவற்றைக் கயிறுகளில் கோத்து வைத்திருந்தார்கள். மெக்கானிக்குகள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிஸ்டர் லிம் விசில் ஊதியதும் ஒரே இழுப்பு. ஆப்புகள் மழைபோலத் தரையில் கொட்டின. எங்கள் பலகை இருண்டுபோனது. பக்கத்தில் இருந்த பெண்கள் சிலர் அழுதார்கள். நான் அழவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஊரே எக்ஸ்சேஞ்சு வாசலில் நின்றது. போனை எடுத்தால் ஒரே ரீங்காரம், கெட்டுப்போன போனைக் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டை. அது ‘இனி நம்பரைச் சுழற்றலாம்’ என்று மெஷின் சொல்லும் சத்தம் என்று மிஸ்டர் லிம் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார். கோலாலம்பூரில் இருந்து பெரிய அதிகாரிகள் தினமும் போன் செய்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா, ட்ரங்க் பலகையில் ஆட்களைக் காக்க வைக்கிறீர்களா என்று விசாரித்தார்கள். நம்மவரால் இதை நடத்த முடியுமா என்று கேட்டவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். அதுதான் அவருக்குத் தலைவலி.

அடுத்த ஞாயிறு காலை நான் ட்ரங்க் பலகையில் இருந்தேன். செங் பக்கத்துத் தோட்டத்தின் விளக்கு எரிந்தது.

“எக்ஸ்சேஞ்சா? தங்கச்சி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மணியம் பேசுறேம்மா. கொமாரவேலு டாக்டர குடு, சீக்கிரம். இங்க ஒரு பொண்ணுக்குப் புள்ள பொறந்து ரத்தம் நிக்க மாட்டேங்குது.”

“ஆம்புலன்ஸ்?”

“பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு. அது ஜாசின் பக்கம் போயிருக்காம். லோரியில ஏத்துனா ரோட்டுக் குலுக்கல்லயே உசுரு போயிரும்மா, சின்னப் பொண்ணு. டாக்டரு வந்தாத்தான் ஆவும்.”

டாக்டர் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. முன்பு என்றால் அவர் எங்கே என்று எங்களில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும். இப்போது யாருக்கும் தெரியாது. விதிப்படி “பதில் இல்லை” என்று சொல்லி வயரை உருவ வேண்டும்.

“அண்ணே, வீட்டுல பதில் இல்ல. நீங்க போன வைக்காதீங்க. நான் தேடுறேன்.”

“வைக்கல தங்கச்சி. வைக்க மாட்டேன்.”

டிஸ்பென்சரிக்குச் சுழற்றினேன், பதில் இல்லை. கிளப்புக்குச் சுழற்றினேன், வரவில்லை என்றார்கள். அவருடைய தங்கை வீட்டில், போன வாரம்தான் வந்தார் என்றார்கள். அதற்குள் என் பலகையில் மற்ற விளக்குகள் எரிய ஆரம்பித்தன. சிங்கப்பூர், மூவார், கோலாலம்பூர். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மிஸ்டர் லிம்.

“பாக்கியம், அந்த வயரை எடு.”

“இன்னும் முடியல, சார்.”

“பதில் இல்லையென்றால் எடுக்க வேண்டும். இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அதில் ஒன்று இதைவிட அவசரமாக இருக்கலாம். இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?”

அவர் சொன்னது நியாயம். மிஸ் லசாரு எனக்குக் கற்றுக்கொடுத்த அதே நியாயம். ஆனாலும் நான் வயரை விடவில்லை.

“தெரியாது, சார். இது என்னன்னு தெரியும். ஒரு பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா.”

“ஆளைத் தேடுவது ஆபரேட்டரின் வேலையா?”

“வேற யார் வேல, சார்? அதத்தானே நான் அன்னிக்குக் கேட்டேன்.”

அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாதக் கடைசி வரை போக வேண்டியதில்லை, இன்றே வீட்டுக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. அப்போது பக்கத்து நாற்காலி நகர்ந்தது. மிஸ் லசாரு அதில் உட்கார்ந்து, ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். அவர் பலகையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எரிந்துகொண்டிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கத்து வயரில் எடுத்தார். அவர் கை போன வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னுடைய அந்த ஒரு வயரை மட்டும் தொடவில்லை.

“எல்லாக் காலுக்கும் பதில் போகிறது, மிஸ்டர் லிம்” என்றார் திரும்பாமலே.

மிஸ்டர் லிம் அந்த வயரைத் தொடவில்லை. போகவும் இல்லை.

“தங்கச்சி, இருக்கியா?”

“இருக்கேண்ணே. தேடிக்கிட்டுதான் இருக்கேன்.”

எங்கே போனார் என்று தெரியாவிட்டால் எந்தப் பக்கம் போனார் என்று கேட்கலாமே என்று தோன்றியது. டாக்டர் வீட்டு முனையில் காதர் மாமாவின் மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமையும் பாதிக் கதவு திறந்திருக்கும். சுழற்றினேன்.

“யாரு, பாக்கியமா? மெஷினு வந்துருச்சு, இனிமே ஒங் கொரலு கேக்காதுன்னாங்களேம்மா?”

“மாமா, கொமாரவேலு டாக்டர் காடியப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. காலையிலயே இங்க நிப்பாட்டி தூண்டி நரம்பு வாங்கிட்டுப் போனாரு. நல்ல மீனு கெடச்சா ஒனக்கும் தாரேன் காதருன்னாரு.”

“எந்தப் பக்கம் மாமா போனாரு?”

“பந்தர் ஹிலிர் பக்கம்.”

“தூண்டி போடப் பந்தர் ஹிலிர் பக்கமா?” என்று சத்தமாகவே கேட்டேன். அந்தப் பக்கம் தூண்டில் போடும் இடம் உஜோங் பாசிர். நான் அடுத்து எதுவும் கேட்கும் முன் மிஸ் லசாரு இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஒரு நம்பரைச் சொன்னார். அவர் வீட்டுக்கு எதிரே இருந்த கடையின் நம்பர். கடைக்காரரிடம் மலாய் மொழியில் கெஞ்சினேன். கடற்கரையில் வெள்ளைத் தொப்பி போட்ட டாக்டர் இருப்பார், உடனே கூட்டி வாருங்கள் என்றேன். அவர் போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும் யாரோ ஒரு பெண் கோழியை விரட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. இந்தப் பக்கம் மணியம் அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது. “இருக்கேண்ணே” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பயமாக இருந்தது.

“ஆர் பேசிறது?” டாக்டரின் குரல்.

“எக்ஸ்சேஞ்சு, டாக்டர். செங் தோட்டத்து டிரசர் லைன்ல இருக்காரு. பேசுங்க.”

இருவரும் பேச ஆரம்பித்ததும் சாவியைத் தள்ளி என் காதை விலக்கிக்கொண்டேன். அவர் என்ன செய்யச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. விளக்கு அணைந்ததும் வயரை உருவினேன். மிஸ் லசாரு தன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்து, சட்டையை நீவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் குமாரவேலு நேரில் வந்தார். வரும்போதே சத்தம். மிஸ்டர் லிம் அறையில் இருந்து ஓடிவந்தார்.

“என்னை ஏன் அவ்வளவு நேரம் தேடினனீங்கள்? நான் வெளிக்கிடேக்கை போனிலை சொல்லிப்போட்டுத்தானே போனனான்!”

“யார்கிட்ட சொன்னீங்க, டாக்டர்?” என்றேன்.

“போனிலை இருந்த பிள்ளையிட்டைத்தான். உஜோங் பாசிர் எண்டு ரெண்டு தரம் சொன்னனான். அவள் ஒண்டும் பேசேல்லை. ‘ம்ம்ம்’ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்களை மாதிரி வாய் காட்டாமல், நல்ல பொறுமையான பிள்ளை எண்டு நினைச்சன்.”

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் லசாரு மேசை மேல் இருந்த போனை எடுத்து, மரியாதையாக டாக்டரின் காதில் வைத்தார். டாக்டர் அந்த ரீங்காரத்தைக் கேட்டார். முகம் மாறியது. போனை ஒரு தடவை பார்த்தார், மறுபடி காதில் வைத்தார்.

“இவளே?” என்றார்.

அப்போதுதான் எல்லாரும் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பொம்பிளை தப்பிட்டாள். பிள்ளையும் சுகம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்...” என்று ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மிஸ்டர் லிம் சிரிக்கவில்லை. அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் ஷிப்டுக்கு முன் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். டாக்டர்களும் மருத்துவச்சிகளும் சொல்லிவிட்டுப் போக ஒரு நம்பர் வேண்டும், அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது விதிப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்றேன். எங்கள் நல்ல மனசை நம்பி இனி யாரும் பிள்ளை பெறக் கூடாது என்றேன். கோலாலம்பூர் ஒத்துக்கொள்ளாது என்றார். கேட்டீர்களா என்றேன். கேட்கிறேன் என்றார். மறுநாள் போய், கேட்டீர்களா என்றேன். “உன்னைப் பார்த்தால் அணையாத விளக்கைப் பார்ப்பதுபோல இருக்கிறது, பாக்கியம்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கோலாலம்பூருடன் அவர் சத்தமாகப் பேசியது கண்ணாடிக் கதவைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

மாதக் கடைசியில் சில பெண்கள் போனார்கள். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான். நான் இருந்தேன். ட்ரங்க் பலகையின் ஓரத்தில் ஒரு தனி நாற்காலி போட்டார்கள். அதற்கு ‘என்கொயரி’ என்று பெயர். பொறுப்பு என்று மிஸ்டர் லிம் தன் கையாலேயே எழுதியதில், வெளியே போகும் மருத்துவர்களின் இடத்தைக் கேட்டு வைத்து, அவசரத்தில் அவர்களைக் கண்டுபிடித்து இணைப்பது என்றும் இருந்தது. மிஸ் லசாரு அதைப் படித்துவிட்டு, இனி ஷிப்ட் மாறும்போது மின்விசிறியைப் பார்க்க வேண்டியதில்லை என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

வாசுகி, உன் படத்தில் எல்லாக் கட்டமும் இருக்கட்டும். நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு பெயரை எழுது. மேலே இருப்பவர் முடியாது என்றால் மறுநாளும் போய் நில்.

புதிய நாற்காலியில் நான் உட்கார்ந்த முதல் ஞாயிறு. காலையிலேயே விளக்கு எரிந்தது.

“என்கொயரி” என்றேன்.

அந்தப் பக்கம் சந்தேகத்தோடு ஒரு குரல்.

“நீ மனுசிதானே?”

“மனுசிதான், டாக்டர்.”

“பேர்?”

“பாக்கியம்.”

“அப்ப சரி. கேள் பிள்ளை, நான் உஜோங் பாசிருக்குப் போறன்.”